தென்காசிக்கு ஒரு பொதுப் பட்டறை!

ஆடி மாதம். மேற்கு மலையில் கருமேகம் கவிந்து நிற்கிறது. இளங்காற்று வீசுகிறது. பூப் போலச் சாரல் தூவுகிறது. குற்றாலத்தில் "சீசன்" களை கட்டி விட்டது.

பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி, எங்கு பார்த்தாலும் கூட்டம். காரிலும் வேனிலும் பஸ்சிலும் மக்கள் வந்து குவிகிறார்கள். குளிக்கிறார்கள். சூடாகச் சாப்பிடுகிறார்கள். மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

அதே நாள் மாலை. குற்றாலத்தில் இருந்து சில மைல் தூரத்தில் உள்ள செங்கோட்டை ரயில் நிலையம். சென்னைக்குச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் புறப்படத் தயாராக நிற்கிறது.

அங்கும் கூட்டம்! ஆனால், இது வேறு கூட்டம். பையும் பெட்டியுமாக வாலிபர்கள். வழி அனுப்ப வந்த தாய்மார்கள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுடா" என்ற குரல்கள். ரயில் அடுத்து தென்காசியில் நிற்கும். அங்கும் இதே காட்சிதான்.

குளிக்க வருகிற கூட்டம் ஆண்டுக்கு 3 மாதம். பிழைக்கப் போகிற கூட்டம் 12 மாதமும்!

2019ஆம் ஆண்டு நவம்பர் 22ந் தேதி தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. கலெக்டர் வந்தார். போலீஸ் சூப்பிரண்டு வந்தார். மாவட்டத் தலைநகர் என்ற பெருமை வந்தது. எல்லாம் சரி. படித்த பிள்ளைக்கும், கைத்தொழில் தெரிந்தவனுக்கும் உள்ளூரில் பிழைப்பு வந்ததா?

இதற்கு ஒரு வழி, "பொதுப் பட்டறை".

மாவு மில் கணக்கு

பொதுப் பட்டறை என்றால் என்ன?

ஊரில் மாவு மில் இருக்கிறது. எந்த வீட்டிலும் சொந்தமாக மாவு மில் கிடையாது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தூக்குவாளியில் அரிசியைக் கொண்டு போகிறார்கள். அரைக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விட்டு வருகிறார்கள். ஒரே எந்திரம் ஊருக்கே உழைக்கிறது.

இதே கணக்குதான் பொதுப் பட்டறைக்கும்.

அங்கே கடைசல் எந்திரம் இருக்கும். பற்ற வைக்கும் கருவி இருக்கும். மரத்தையும் தகட்டையும் கம்ப்யூட்டர் சொல்கிறபடி துல்லியமாக வெட்டும் லேசர் எந்திரம் இருக்கும். வரைந்த உருவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்துத் தரும் முப்பரிமாண அச்சு எந்திரம் இருக்கும். தையல் எந்திரமும் இருக்கும்.

இவற்றில் சில, லட்சக்கணக்கில் விலை உள்ளவை. தச்சு வேலை செய்கிற ஒருவர் தனியாக வாங்க முடியாது. வங்கியில் கடன் கேட்டால், "ஜாமீன் என்ன?" என்பார்கள். ஆனால், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பயன்படுத்த யாராலும் முடியும்.

மேல்நாட்டில் இதற்கு "மேக்கர் ஸ்பேஸ்" என்றும், "ஃபேப் லேப்" என்றும் பெயர். பெயர் எதுவாக இருந்தால் என்ன? வேலை ஒன்றுதான். கருவி பொது, திறமை அவரவருடையது, வருமானமும் அவரவருக்கே!

அமெரிக்காவில் இருந்து ஒரு சிற்றூருக்கு

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே நீல் கெர்ஷன்ஃபெல்டு என்ற பேராசிரியர் 1998ல் ஒரு வகுப்பைத் தொடங்கினார். "ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி?" என்பதே அந்த வகுப்பின் பெயர். சில மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். பெருங்கூட்டம் வந்து விட்டது! விஞ்ஞானிகள் மட்டும் அல்ல; கலைஞர்களும் கட்டடக்காரர்களும் வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கல்லூரிக்கு வெளியே, சாதாரண மக்களிடம் கொண்டு போனால் என்ன என்று அவருக்கு யோசனை பிறந்தது.

எம்.ஐ.டி.க்கு வெளியே முதன் முதலாக அப்படி ஒரு பட்டறை அமைந்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? லண்டன் அல்ல, பாரீஸ் அல்ல. மராட்டிய மாநிலத்தில் புனே பக்கத்தில் உள்ள பாபல் என்ற வறண்ட கிராமம்! ஆண்டு 2002.

அங்கே "விக்ஞான் ஆசிரமம்" என்ற கல்விக்கூடம் ஏற்கனவே நடந்து கொண்டிருந்தது. அதைத் தொடங்கியவர் டாக்டர் கல்பாக். அமெரிக்காவில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பதவி வகித்தவர். அதை உதறிவிட்டு 1983ல் மனைவியுடன் அந்தக் கிராமத்துக்கு வந்து விட்டார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைச் சேர்த்தார். கொல்லு வேலை, கட்டட வேலை, மின்சார வேலை, விவசாயம் எல்லாவற்றையும் செய்ய விட்டே கற்றுக் கொடுத்தார். "கையால் செய்தால் மூளைக்கு ஏறும்" என்பதே அவருடைய கொள்கை.

அந்தப் பட்டறையில் என்ன செய்தார்கள்? ராக்கெட் செய்யவில்லை. பாலின் தரத்தைச் சோதிக்கும் கருவிக்கு முயன்றார்கள். டீசல் எஞ்சினைச் சீராக ஓட வைக்க உதவும் கருவிக்கு முயன்றார்கள். ஊருக்கு எது இடைஞ்சலோ, அதில் கை வைத்தார்கள்.

இன்று உலகம் எங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய பட்டறைகள் இருக்கின்றன. ஆனால், தொடக்க நாளில் வழி காட்டிய ஊர்களில் ஒன்று இந்தியக் கிராமம் என்பதை மறக்கக் கூடாது.

ஆய்க்குடியின் பாடம்

பாபல் வரை போவானேன்? தென்காசிக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் மாணவர். 1975ல் கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வுக்குப் போனார். அங்கே நடந்த உடற்பயிற்சிச் சோதனையில் தவறி விழுந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது.

மற்றொருவராக இருந்தால் முடங்கிப் போயிருப்பார். ராமகிருஷ்ணன் 1981ல், சொந்த ஊரில், "அமர் சேவா சங்கம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகல் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். ஒரு சில குழந்தைகளுடன் தொடங்கிய சிறு பள்ளிக்கூடம், மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது. 2020ல் அவருக்கு "பத்மஸ்ரீ" விருது கிடைத்தது.

அங்கே ஒரு பட்டறை உண்டு. கால் ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தேவையான தாங்கு கருவிகளை அங்கேயே செய்கிறார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஒரு குழந்தையின் கால் போல இன்னொரு குழந்தையின் கால் இருக்காது. அளவெடுத்துச் செய்ய வேண்டும். போட்டுப் பார்க்க வேண்டும். உறுத்துகிற இடத்தைத் தேய்க்க வேண்டும். குழந்தை வளர்ந்தால் மறுபடியும் மாற்ற வேண்டும். பட்டணத்தில் மொத்தமாகச் செய்து பார்சலில் அனுப்பினால் இது நடக்காது. பட்டறை பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும்.

பொதுப் பட்டறையின் முழுத் தத்துவமும் இதில் அடங்கி இருக்கிறது. பெரிய தொழிற்சாலை ஒரே மாதிரிப் பொருளை லட்சம் செய்யும். சிறு பட்டறை, இந்த ஊருக்கு, இந்த ஆளுக்கு எது பொருந்துமோ அதைச் செய்யும்.

மத்தளம்பாறை காட்டிய வழி

தென்காசியின் பெயரை உலகுக்குச் சொன்ன இன்னொரு இடம் மத்தளம்பாறை.

"சோகோ" கம்ப்யூட்டர் மென்பொருள் கம்பெனி 1996ல் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. அந்தக் கம்பெனி 2011ல் தென்காசியில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. விரல் விட்டு எண்ணக் கூடிய பேர்தான் முதலில் வேலை செய்தார்கள்.

"குற்றாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு அமெரிக்காவுக்கு மென்பொருள் செய்வதா?" என்று சிரித்தவர்கள் உண்டு.

ஆனால், நடந்தது என்ன? 2016ல் வெளிவந்த "சோகோ டெஸ்க்" என்ற மென்பொருள் பெரும்பாலும் தென்காசியில் உருவானது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதை விலை கொடுத்து வாங்கினார்கள். 2019ல் வேம்புவே மத்தளம்பாறைக்குக் குடிவந்து விட்டார். 2021ல் "பத்மஸ்ரீ" பெற்றார்.

அந்தக் கம்பெனி ஒரு பள்ளியும் நடத்துகிறது. கல்லூரிப் பட்டம் தேவை இல்லை. பிளஸ்-2 அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் கற்றுக் கொடுக்கிறார்கள். படிக்கும்போதே உதவித்தொகையும் கொடுக்கிறார்கள்.

இது என்ன காட்டுகிறது? வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் போகத்தான் வேண்டும் என்பது விதி அல்ல. ஆள் இருக்கிற இடத்துக்கு வேலையும் வரும்!

ஆனால், ஒன்றை யோசிக்க வேண்டும். கம்பெனி என்பது கம்பெனிதான். அதற்கு வேண்டியவர்களை அது தேர்ந்தெடுக்கும். அதில் குற்றம் இல்லை. தேர்வில் வெற்றி பெற்றவர் உள்ளே போகிறார். தேறாதவர்? வயது கடந்தவர்? கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்? அவர்களுக்கும் ஒரு கதவு திறக்க வேண்டாமா?

பீடித் தட்டுக்கு அடுத்தது என்ன?

தென்காசிச் சீமையின் கிராமங்களில் மத்தியான வேளையில் நடந்து பார்த்தால் ஒரு காட்சி தெரியும். திண்ணையிலும் மர நிழலிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தட்டு. தட்டில் இலையும் தூளும். கை மின்னல் வேகத்தில் சுற்றும், நூல் கட்டும், மடக்கும். பேச்சு ஒரு பக்கம். வேலை ஒரு பக்கம்.

நெல்லை, தென்காசி இரண்டு மாவட்டங்களிலும் லட்சக்கணக்கான பெண்களுக்குப் பீடித் தொழிலே கஞ்சி ஊற்றி வந்திருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள். பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. மழை இல்லாத ஆண்டுகளில் அடுப்பு எரிந்தது.

பீடித் தொழிலாளர் நலனுக்காக 1966ல் ஒரு சட்டம் வந்தது. 1976ல் நல நிதிச் சட்டம் வந்தது. போராடிப் பெற்ற உரிமைகள் அவை. ஆனால், பீடி உடலுக்குக் கேடு. பிடிப்பவருக்கும் கேடு, நாள் முழுவதும் புகையிலைத் தூளில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேடு. என்றைக்காவது ஒரு நாள் இந்தத் தொழில் சுருங்கித்தான் ஆக வேண்டும். அப்போது இந்த லட்சக்கணக்கான கைகள் என்ன செய்யும்?

சும்மா இருக்கிற கைகளா அவை? ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பீடிகளை ஒரே அளவில் சுற்றுகிற கை! அந்தத் துல்லியத்துக்குப் பட்டணத்துத் தொழிற்சாலைகள் தனிச் சம்பளம் கொடுக்கும். அந்தக் கைக்கு வேறு ஒரு கருவியும், அதைப் பழக்கிக் கொடுக்க ஒரு ஆளும் கிடைத்தால் போதும்.

பெண்கள் மட்டும் அல்ல. சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடுகின்றன. தறியில் ஒரு பல்சக்கரம் உடைந்தது என்று வைத்துக் கொள்வோம். மாற்றுச் சக்கரம் வெளியூரில் இருந்து வருகிறவரை தறி சும்மா நிற்கும். நெசவாளிக்குக் கூலி இல்லை. உள்ளூர்ப் பட்டறையில் அன்றே அந்தச் சக்கரத்தைச் செய்து போட முடிந்தால் தறி அன்றே ஓடும்.

செங்கோட்டையில் மர அறுவை மில்கள் இருக்கின்றன. மரம் பலகையாகவும் சட்டமாகவும் வெளியூருக்குப் போகிறது. பலகையாகப் போனால் ஒரு விலை. நாற்காலியாகவோ, விளையாட்டுச் சாமானாகவோ போனால் வேறு விலை. அந்த வித்தியாசம் உள்ளூரிலேயே தங்கும்.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் போன ஊர். வரத்து அதிகமானால் விலை சரிகிறது. ஊறுகாயாகவும் சர்பத்தாகவும் மாற்றினால் கெடாது. ஆனால், உணவுப் பொருள் விற்க உரிமம் வேண்டும். சுத்தமான கூடம், எஃகுப் பாத்திரம், புட்டியை மூடும் எந்திரம் வேண்டும். தனி ஒரு குடும்பத்துக்கு இது மலை. ஊர்ப் பெண்கள் முறை வைத்துப் பயன்படுத்தும் பொது அடுக்களை இருந்தால், மலை மடுவாகி விடும்.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு. அது கேரளம்.

அங்கே சர்க்காரே முன் நின்று எம்.ஐ.டி.யின் தொடர்போடு திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஃபேப் லேப்களை அமைத்தது. பொறியியல் கல்லூரிகளில் சிறு பட்டறைகளையும் வைத்தது. 2020 ஜனவரியில் கொச்சி அருகே களமசேரியில் பெரிய "சூப்பர் ஃபேப் லேப்" திறக்கப்பட்டது.

தென்காசியில் இருந்து கொல்லம் போகிற சாலையில் கொட்டாரக்கரை இருக்கிறது. அங்கேயும் சோகோ 2025ல் ஒரு ஆராய்ச்சி மையத்தைத் திறந்து விட்டது. மத்தளம்பாறையில் விதைத்தது மலை தாண்டி முளைத்திருக்கிறது!

தமிழ்நாட்டிலும் அனுபவம் இல்லாமல் இல்லை. கோவையில் பம்பு செய்யும் சிறு கம்பெனிகள் ஏராளம். பம்பு தரமானது என்று சான்று பெற அதைச் சோதிக்க வேண்டும். சோதனைக்கூடம் கட்ட ஒவ்வொருவரிடமும் பணம் இல்லை. சிறு தொழிலதிபர்கள் ஒன்று கூடி "சிடார்க்" என்ற பொதுச் சோதனை நிலையத்தை அமைத்துக் கொண்டார்கள். பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே கிடைத்த வசதி சின்னப் பட்டறைக்காரருக்கும் கிடைத்தது. போட்டி போடுகிறவர்கள்தான், ஆனால், பொது வசதிக்காகக் கை கோத்தார்கள்.

பூட்டு விழாமல் இருக்க...

பொதுப் பட்டறை என்றதும் கட்டடம் கட்டி, ரிப்பன் வெட்டி, எந்திரத்தை இறக்கி விட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் ஆபத்து, பழுது. லேசர் எந்திரத்தின் ஒரு சின்ன உறுப்பு போனால் எந்திரம் முழுவதும் சும்மா கிடக்கும். வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பழுது பார்க்க ஒதுக்குவது இல்லை. மத்திய சர்க்காரின் "அடல் டிங்கரிங் லேப்" திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதில் பாதி எந்திரங்களுக்கு. மீதிப் பாதி 5 ஆண்டு நடத்துகிற செலவுக்கு. இது நல்ல ஏற்பாடு. ஆனால், 6வது ஆண்டு? அதை இன்றே யோசிக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, ஆள் இல்லாமை. எந்திரம் தானாகப் பேசாது. "இப்படிப் பிடியுங்கள் அக்கா, இந்தப் பக்கம் கையை வைக்காதீர்கள்" என்று சொல்லித் தருகிற ஒருவர் வேண்டும். பாபல் கிராமத்தில் எந்திரம் வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பே கல்பாக் வந்து விட்டார். ஆய்க்குடியில் பட்டறைக்கு முன்னால் ராமகிருஷ்ணன் இருந்தார். ஆள் முதலில், எந்திரம் பிறகு!

மூன்றாவது ஆபத்து, நேரம். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டினால் யார் வருவார்? கூலி வேலைக்குப் போகிறவர் மாலையில்தான் வர முடியும். வீட்டு வேலை முடித்த பெண்கள் மத்தியானம் வருவார்கள், கைக்குழந்தையோடு வருவார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பப் பஸ் இருக்க வேண்டும். குழந்தையை விட ஒரு தொட்டில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காத பட்டறை, நாலு கல்லூரி மாணவர்களின் பொழுதுபோக்கு இடமாக முடிந்து விடும்.

நான்காவது, சந்தை. செய்த பொருளை யார் வாங்குவார்? இந்த விஷயத்தில் தென்காசிக்கு அதிர்ஷ்டம் உண்டு. வாங்குகிறவர்கள் தாமாகவே குற்றாலத்துக்கு வருகிறார்கள்! சீசனில் வருகிறவர்கள் எதையாவது வாங்கிக் கொண்டு போக ஆசைப்படுகிறார்கள். எங்கோ செய்த பிளாஸ்டிக் பொம்மையை வாங்குகிற கை, செங்கோட்டை மரத்தில் தென்காசிப் பெண் கடைந்த பொம்மையை வாங்காதா?

புதிதாகக் கட்ட வேண்டுமா?

பெரும் பணம் போட்டுப் புதிய மாளிகை கட்ட வேண்டிய அவசியம் இல்லை. இருப்பதைத் திறந்து விட்டாலே பாதி வேலை முடியும்.

தமிழக சர்க்கார் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டத்தை 2022ல் டாட்டா டெக்னாலஜிஸ் கம்பெனியுடன் சேர்ந்து தொடங்கியது. மொத்தச் செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் எந்திரங்களும் முப்பரிமாண அச்சு எந்திரங்களும் இந்தத் திட்டத்தில் அடங்கும்.

பள்ளிகளிலும் எந்திரங்கள் வருகின்றன. 5 ஆண்டுகளில் சர்க்கார் பள்ளிகளில் 50 ஆயிரம் டிங்கரிங் லேப்கள் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

எந்திரம் மாணவர்களுக்காக வாங்கியது, சரி. வகுப்பு முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் அது தூங்கத்தான் வேண்டுமா? மாலை 5 மணிக்குப் பிறகு ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் வாடகைக்குத் திறந்து விடலாம். வருகிற வாடகை, பழுது பார்க்க உதவும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், ரயில்வேயிலும் பெரிய தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஊர் திரும்பிய மெக்கானிக்குகளும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால் வர மாட்டார்களா?

தென்காசியில் ஒரு பெரிய பட்டறை. சங்கரன்கோவிலில் தறிக்கு ஒன்று. புளியங்குடியில் ஒரு பொது அடுக்களை. முதலில் இவ்வளவு போதும். இவை நன்றாக நடந்தால், மற்ற ஊர்கள் தாமே கேட்கும்.

வட்டத்தொட்டி

குற்றாலத்துக்கு இது புதிய பழக்கமும் அல்ல.

"ரசிகமணி" டி.கே.சி. நெல்லையில் தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துத் தமிழ்க் கவிதை பேசினார். அந்தக் கூட்டத்துக்கு "வட்டத்தொட்டி" என்று பெயர். பிறகு அவர் குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். 1954ல் அவர் மறையும் வரை அந்த வீடு களை கட்டி இருந்தது.

அங்கே கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. ரசனை உள்ளவர் யாரும் வந்து உட்காரலாம். உட்கார ஒரு இடமும், வரவேற்க ஒரு மனிதரும் இருந்ததால்தான் அவ்வளவும் நடந்தது.

நாவுக்கு அப்படி ஒரு தொட்டி அன்று இருந்தது. கைக்கு அப்படி ஒரு தொட்டி இன்று வேண்டும்.

செங்கோட்டையில் இருந்து ரயில் நாளையும் புறப்படும். போகிறவர்கள் போகட்டும், உலகத்தைப் பார்க்கட்டும். ஆனால், போக விருப்பம் இல்லாதவரும் போய்த்தான் தீர வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். அதற்கு ஒரு கூடம், சில எந்திரங்கள், சொல்லித் தர ஒருவர், மாலை 5 மணிக்கு மேலும் திறந்திருக்கும் ஒரு கதவு.

மாவட்டம் கேட்டது, கிடைத்தது. அடுத்துக் கேட்க வேண்டியது இதுதான்.